நர்ஸிங் பணியில் அறமும் சட்டமும்: கட்டிலருகே எடுக்கும் முடிவு முதல் கேஸ் ஷீட்டில் எழுதும் வரி வரை

1960-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், விளையாட்டில் கால் முறிந்த 18 வயது மாணவர் ஒருவருக்கு மாவுக்கட்டு போட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே வலி தாங்க முடியவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் வீங்கிக் கறுத்தன. பிறகு சில்லிட்டு உணர்வும் போயிற்று. கடைசியில் முழங்காலுக்குக் கீழே 8 அங்குலத்தில் காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1965-ல் தீர்ப்பானது. நீதிமன்றம் மருத்துவரின் கட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. விரல்களில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று நர்ஸ்கள் போதிய தடவை பார்த்தார்களா, மோசமானதும் மருத்துவருக்குத் தெரிவித்தார்களா, அவர் ஒன்றும் செய்யாதபோது நிர்வாகத்திடம் சொன்னார்களா என்ற கேள்விகளையும் எழுப்பியது.

செவிலியர் சம்பந்தப்பட்ட பெரும்பாலான வழக்குகள் இந்தக் கேள்விகளில்தான் வந்து நிற்கும்: என்ன பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அவர் கேட்காதபோது என்ன செய்தீர்கள். இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதையெல்லாம் எப்போது எழுதினீர்கள்? சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நர்ஸிங் கவுன்சிலின் விதிகளும் மருத்துவமனையின் எழுத்துபூர்வ நடைமுறையும்தான் உங்களுக்குக் கடைசி வார்த்தை. இங்கே இருப்பது எங்கும் பொருந்தும் அடிப்படை.

நான்கு கொள்கைகளும் ஒரு தடுமாற்றமும்

நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கையும் நர்ஸிங் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். உண்மை பேசுதல், ரகசியம் காத்தல், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுதல் ஆகியவை கூடவே வரும். சர்வதேச செவிலியர் பேரவை தன் முதல் அறநெறிக் கோவையை 1953-ல் ஏற்றது. 2021-லும் அதைத் திருத்தி வெளியிட்டது.

தேர்வுத்தாளில் இவை தனித்தனியாக இருக்கும், வார்டில் மோதிக்கொள்ளும். விழும் அபாயம் உள்ள பெரியவர், "பாத்ரூமுக்கு நானே போய்க்கிறேன், யாரும் கூட வர வேணாம்" என்கிறார். தன்னுரிமை விடச் சொல்கிறது, தீங்கு செய்யாமை தடுக்கச் சொல்கிறது. இங்கே ஒரு கொள்கையைத் தூக்கிப் பிடித்து இன்னொன்றைக் கைவிடுவது சோம்பேறித்தனம். இரண்டுக்கும் குறைந்த சேதம் எதில் என்று தேடுங்கள். கட்டிலைத் தாழ்த்தி, வழியில் கிடப்பதை நகர்த்தி, வழுக்காத செருப்பு மாட்டி, கதவுக்கு வெளியே நின்றுகொண்டால் அவர் மானமும் எலும்பும் தப்பும். அபாயத்தை அவரிடம் விளக்கினீர்கள், அவர் தெளிவாக மறுத்தார், நீங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தீர்கள் என மூன்று வரி எழுதி வைத்தால் சட்டமும் திருப்தியடையும்.

அலட்சியம் என்று எப்போது சொல்வார்கள்

அலட்சிய வழக்கில் நான்கு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். அந்த நோயாளியைக் கவனிக்கும் கடமை உங்களுக்கு இருந்தது. அந்தக் கடமையின் தரத்திலிருந்து தவறினீர்கள். அதனால்தான் பாதிப்பு வந்தது. உண்மையிலேயே பாதிப்பு இருக்கிறது. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் இழப்பீட்டு வழக்கு நிற்காது. இரவு 10 மணி ஆன்டிபயாடிக்கைக் கொடுக்க மறந்தீர்கள், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இழப்பீடு கேட்க இடமில்லை. ஆனால் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக்கு இந்த நான்காவது நிபந்தனை தேவைப்படாது. இந்த வித்தியாசம் பலருக்குத் தாமதமாகத்தான் புரிகிறது.

தரத்தை எதை வைத்து அளப்பார்கள்? 1957-ல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கு பல நாடுகளின் சட்டத்தில் இன்றும் எதிரொலிக்கிறது. அந்தத் தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அதே சூழலில் என்ன செய்திருப்பார் என்பதே அதன் அளவுகோல். மேதை தேவையில்லை. ஆனால் "நான் சேர்ந்து மூணு மாசம்தான் ஆச்சு" என்பதும் எடுபடாது. தெரியாததை மூத்தவரிடம் கேட்டீர்கள் என்பது எடுபடும்.

அலட்சியம் அல்லாத குற்றங்களும் உண்டு. வேண்டாம் என்றவருக்கு ஊசி போட்டால், ஊசி எவ்வளவு சரியானதாக இருந்தாலும், அது சட்டத்தின் கண்ணில் தாக்குதல். காரணமில்லாமல் கட்டிலில் கட்டிவைத்தால் சட்டவிரோதமாக அடைத்துவைத்தல்.

ஒப்புதல்: சாட்சிக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்

வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யலாம் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு என்பதை நியூயார்க் நீதிமன்றம் 1914-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் செவிலியர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மயக்கம் கொடுத்துப் பரிசோதனை செய்ய மட்டுமே சம்மதித்திருந்த அந்தப் பெண், தனக்கு ஆபரேஷன் கிடையாது என்று முதல்நாள் இரவே நர்ஸிடம் சொன்னதாகச் சாட்சியம் அளித்தார். மறுநாள் கட்டியை எடுத்துவிட்டார்கள். இரவு டியூட்டியில் காதில் விழும் ஒற்றை வாக்கியத்துக்கு எவ்வளவு எடை இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தோடு போகும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

முதலில் ஆளை உறுதி செய்யுங்கள். பெயரை நீங்கள் சொல்லி அவரைத் தலையாட்ட வைக்காதீர்கள். அவரையே பெயரும் பிறந்த தேதியும் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து, "டாக்டர் என்ன சொன்னாங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். "என்னமோ வயித்துல பண்ணப் போறாங்களாம்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நீங்களே ஆபரேஷனை விளக்கிக் கையெழுத்து வாங்கிவிட ஆசை வரும், தியேட்டரிலிருந்து போன் வேறு வந்துகொண்டிருக்கும். செய்யாதீர்கள். சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்று வழிகள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்குவது அதைச் செய்யப்போகிறவரின் பொறுப்பு. அவரைக் கூப்பிட்டு, கூப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, முடிவெடுக்கும் திறன். சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவு எடுக்கும் வரை நினைவில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமையை எடைபோடுகிறாரா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்கிறாரா என்று பாருங்கள். மனநோய் இருப்பதாலோ, 85 வயது என்பதாலோ, படிக்கத் தெரியாததாலோ இந்தத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. காலையில் குழம்பியிருந்தவர் மாலையில் தெளிவாக இருக்கலாம். சின்ன முடிவை எடுக்கக்கூடியவர் பெரிய முடிவில் தடுமாறலாம். நம்மோடு ஒத்துப்போகும்போது யாருடைய திறனையும் நாம் சந்தேகிப்பதில்லை, மறுக்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. அந்தச் சபலத்தைக் கவனியுங்கள்.

கையெழுத்துக்குப் பிறகுதான் மயக்கத்துக்கு முந்தைய மருந்து. மாற்றிச் செய்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மொழி தெரியாதவருக்கு அவர் வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சங்கடமானதைச் சொல்லாமல் விட்டுவிடும்படி பெரியவர்கள் அந்தக் குழந்தையிடம் சொல்வார்கள். நோயாளி தெளிவாக இருக்கும்போது "பையன் போட்டுட்டாரு" என்பது ஒப்புதல் ஆகாது.

சாட்சியாக நீங்கள் போடும் கையெழுத்தின் பொருள் இவ்வளவுதான்: இவர்தான் போட்டார், என் கண்முன் போட்டார், வற்புறுத்தல் தெரியவில்லை, நிதானத்தில் இருந்தார். நேரில் பார்க்காத கையெழுத்துக்குச் சாட்சி போடுவது பொய்ச் சாட்சி.

நினைவிழந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அவர் முன்பே மறுத்திருப்பதாகத் தெரியாதவரை, உயிர் காக்க எது அவசியமோ அதைச் செய்யலாம், அதற்கு மேல் கூடாது.

அன்றாட வேலைகளில் கையை நீட்டுவதே சம்மதம், இழுத்துக்கொள்வதே மறுப்பு. மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். பாதி மறுப்புகள் பயத்திலிருந்தோ, போன தடவை பட்ட வலியிலிருந்தோ வருபவை. பேசினால் தீரும். தீராவிட்டால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, மறுத்த மருந்து, நேரம், அவர் சொன்ன காரணம், நீங்கள் விளக்கிய அபாயம் எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புபவர் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தாலும், அந்தக் காகிதத்துக்காக அவரைப் பிடித்துவைக்க முடியாது. "கையெழுத்திட மறுத்தார்" என்று எழுதுங்கள். எப்போது திரும்பி வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

மருந்து: "டாக்டர் எழுதினாரு, நான் போட்டேன்"

இந்த வாதம் நிற்காது. தவறான உத்தரவு என்று சாதாரணத் திறமையுள்ள நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், போட்டவரும் பொறுப்பு.

உத்தரவைப் படிக்கும்போதே சிக்கல் தொடங்குகிறது. '1.0 மி.கி.' என்றதில் புள்ளி மங்கினால் 10. முன்னால் பூஜ்யம் இல்லாமல் '.5' என்றெழுதினால் 5. யூனிட்டுக்குச் சுருக்கமாக 'யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம்போல் தெரிந்து 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். குப்பியிலும் இதே கதைதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் 5 மி.லி. குப்பியில் 'ஒரு மி.லி.க்கு 5,000 யூனிட்' என்றிருப்பதை அவசரத்தில் குப்பி முழுவதற்குமான அளவாக எடுத்துக்கொண்டால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும்.

போனில் வரும் உத்தரவு அவசரத்துக்கு மட்டும். கேட்கும்போதே எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்து, "சரி" என்ற பதிலை வாங்குங்கள். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி ஒலிக்கும், "ஒன்று, ஐந்து" என்பது குழப்பாது. மருத்துவமனை விதித்த நேரத்துக்குள் மருத்துவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

இன்சுலின், ஹெப்பாரின், ஓபியாய்டு (மார்பின் போன்ற வலி மருந்து), அடர் பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றுக்கு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இரண்டாமவர் உங்கள் விடையைப் பார்க்காமல் தானே கணக்குப் போட வேண்டும். சிரிஞ்சைக் காட்டி "இது கரெக்ட்தானே?" என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அடர் பொட்டாசியத்தை நீர்க்காமல் நேரடியாக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். வார்டு அலமாரியில் அது இல்லாமலிருப்பதே நல்லது. இன்னொருவர் நிரப்பிவைத்த, பெயர் ஒட்டாத சிரிஞ்சை எடுத்துப் போடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் டோஸை நிறுத்திவைத்து எழுதியவரிடமே கேளுங்கள். "இதைக் கொடுக்கச் சொல்றீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால் ஆமாம் என்று வரும். "இவருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) 3.1 இருக்கு, இந்த டோஸ் குறைக்கணுமா?" என்று காரணத்தோடு கேளுங்கள். அப்போதும் சரியில்லை என்று பட்டால் மருந்தகத்தையும் மேற்பார்வையாளரையும் கேளுங்கள். மறுப்பதாக இருந்தால் உடனே, நேராக, காரணத்தோடு மறுங்கள். கொடுத்ததாக டிக் போட்டுவிட்டுக் கொடுக்காமல் விடுவது, கொடுப்பதையும் மறுப்பதையும்விட மோசம்.

மேலே சொல்வது எப்படி

கண்டதை மேலிடத்துக்குச் சொல்வதுதான் மாவுக்கட்டு வழக்கின் மையம். அமெரிக்க அணுநீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்த ஒரு முறை உண்டு: நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் கோரிக்கை. எடுத்துக்காட்டாக ஒரு போன்:

"டாக்டர், வார்டு 4, கட்டில் 12. பி.பி. 92/54-க்கு இறங்கிடுச்சு, நாடி 118. குடல் ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மணி நேரம் ஆகுது. ரெண்டு மணிக்கு பி.பி. 124/78 இருந்துச்சு. கடைசி ரெண்டு மணி நேரத்துல சிறுநீர் 20 மி.லி.தான். டிரெஸ்ஸிங் காய்ஞ்சிருக்கு, ஆனா வயிறு இறுகியிருக்கு. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள, ரத்தம் ஏத்த வேண்டியிருந்தா பொருத்தம் பார்க்க கிராஸ்மேட்ச் அனுப்பட்டுமா?"

இதில் பலர் விழுங்கிவிடுவது கடைசிப் பகுதியை. "பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்கு டாக்டர்" என்று சொல்லி நிறுத்திவிட்டால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அது செய்தி, அழைப்பு அல்ல. என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

அவர் வரவில்லையா? மறுபடி கூப்பிட்டு, "எனக்குக் கவலையா இருக்கு, நோயாளிக்கு இது பாதுகாப்பில்லை" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். அதன் பிறகு மூத்த மருத்துவர், ஷிப்ட் பொறுப்பாளர், நர்ஸிங் மேற்பார்வையாளர் என்று ஏறிக்கொண்டே போங்கள். அவசர உதவிக் குழு இருந்தால் வரிசையைத் தாண்டி அதை அழைக்கலாம். யாரை, எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பது ஒவ்வொரு படியிலும் பதிவாக வேண்டும். "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்ற வரி உங்களைக் காப்பாற்றாது. எந்த டாக்டர்? என்ன தெரிவிக்கப்பட்டது?

எழுதும்போது

பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். "நோயாளி குடித்திருந்தார்" என்பது தீர்ப்பு. "பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, மூச்சில் பழவாடை" என்பது பார்த்தது. இப்படி எழுதினால் அடுத்து வருபவர் சர்க்கரையைச் சோதிப்பார், முந்தையதைப் படித்தவர் தூங்கவிட்டுவிடுவார். கீழே விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்றால் "விழுந்தார்" என்று எழுதாமல் "தரையில் கிடக்கக் கண்டேன், 'கால் வழுக்கிடுச்சு' என்றார்" என்று எழுதுங்கள்.

தவறாக எழுதினால் வொய்ட்னர் வேண்டாம், கிறுக்கி மறைக்கவும் வேண்டாம். படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோடு, தேதி, நேரம், கையெழுத்து போதும். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால், 'தாமதப் பதிவு' என்று குறிப்பிட்டு, எழுதும் நேரத்தையும் சம்பவ நேரத்தையும் தனித்தனியே போடுங்கள். இடைவெளியில் நுழைத்து எழுதியதை மை, சாய்வு, நெருக்கம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். கணினிப் பதிவிலோ நேரமுத்திரையே காட்டிக்கொடுக்கும். செய்யாததை முன்கூட்டியே எழுதாதீர்கள். ஆறு மணி பி.பி.யை ஐந்தரைக்கே நிரப்பிவிட்டு, ஐந்தே முக்காலுக்கு நோயாளி இறந்துபோனால் முழுப் பதிவும் பொய்யாகிவிடும். பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள், அதில் நடந்ததெல்லாம் உங்கள் கணக்கில்தான் விழும்.

ரகசியம், கட்டுப்படுத்தல், ஒப்படைத்தல்

ரகசியம் பெரும்பாலும் லிஃப்டிலும் காண்டீனிலும்தான் கசிகிறது. போனில் விவரம் கேட்பவர் யார் என்று உறுதி செய்யாமல் பேசாதீர்கள். முகம் தெரியாத காயத்தின் படம்கூட, பச்சை குத்தியதாலோ பின்னாலிருக்கும் போர்டாலோ ஆளை அடையாளம் காட்டிவிடும். சக ஊழியர் அட்மிட் ஆகியிருந்தால் அவர் ஃபைலை ஆர்வத்தில் திறப்பதும் மீறல்தான். சட்டம் கேட்கும் தொற்றுநோய் அறிவிப்பு, குழந்தைகள் மீதான கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை விதிவிலக்கு. குறிப்பிட்ட ஒருவருக்கு நோயாளியால் கடும் ஆபத்து என்றால் அவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லா நாட்டிலும் அதே விதி இல்லை, மேலதிகாரியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கைகால்களைக் கட்டுவது கடைசி வழி. முதலில் வலி, நிறைந்த சிறுநீர்ப்பை, ஆக்ஸிஜன் குறைவு, சர்க்கரைக் குறைவு இருக்கிறதா என்று பாருங்கள், கலவரத்துக்கு இவைதான் அடிக்கடி காரணம். கட்டியே தீர வேண்டுமென்றால் உத்தரவும் காரணமும் கால வரம்பும் இருக்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முடிச்சு இழுத்தால் அவிழ்கிற மாதிரி, கட்டில் சட்டத்தில் இருக்க வேண்டும், ஏறி இறங்கும் பக்கக் கம்பியில் கூடாது. விரல்களின் நிறம், சூடு, உணர்வு ஆகியவற்றை அடிக்கடி பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அவிழ்த்து அசைக்கவிடுவது பரவலான வழக்கம்.

உதவியாளரிடம் வேலையை ஒப்படைக்கலாம், மதிப்பீட்டை ஒப்படைக்க முடியாது. "பி.பி. பார்த்துட்டு வாங்க" என்பது அரை உத்தரவு. "மேல் அளவு 100-க்குக் கீழ போனா உடனே என்கிட்ட சொல்லுங்க" என்பது முழு உத்தரவு.

உயிர் முடியும் நேரம்

இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற உத்தரவு அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே. வலி மருந்து, வாய்ச் சுத்தம், புரட்டிப் படுக்கவைத்தல், ஆன்டிபயாடிக் எதையும் அது நிறுத்தவில்லை. உத்தரவு எழுத்தில் இல்லாவிட்டால் மீட்பைத் தொடங்க வேண்டும். ஒப்புக்கு மெதுவாகச் செய்யும் 'பாவனை மீட்பு' நோயாளியையும் குடும்பத்தையும் ஏமாற்றுவது. வலிக்காகவும் மூச்சுத்திணறலுக்காகவும், தேவைக்கேற்பப் படிப்படியாகக் கூட்டும் மார்பின், மூச்சைக் குறைக்கக்கூடும் என்று தெரிந்தே கொடுத்தாலும், அறத்துக்கு உட்பட்டதே. நோக்கம் வலியைத் தணிப்பது என்பதை வலி மதிப்பெண்ணும் டோஸும் நேரமும் பதிவில் காட்ட வேண்டும். மனசாட்சி இடம் தராத சிகிச்சையிலிருந்து விலக வேண்டுமானால் ஷிப்ட் ஒதுக்கும்போதே சொல்லுங்கள். மாற்று ஆள் வரும் முன் நோயாளியை விட்டுப் போவது கைவிடுதல்.

தவறு நடந்துவிட்டால்

நோயாளிதான் முதலில். நாடி, பி.பி., மூச்சு, நினைவு பாருங்கள், மருந்து ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், ஊசி வழியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மாற்று மருந்து கொடுக்க அது தேவைப்படும். மருத்துவரிடம் மருந்தின் பெயர், அளவு, வழி, நேரம் நான்கையும் சொல்லுங்கள். பிறகு மேற்பார்வையாளருக்கு. கேஸ் ஷீட்டில் கொடுத்தது, கண்ட அறிகுறி, செய்தது மட்டும் போதும். யார் மேல் தப்பு, அன்று எத்தனை பேர் டியூட்டியில் இல்லை என்பதெல்லாம் அங்கே வேண்டாம். பணியாள் பற்றாக்குறை உண்மையான காரணமாக இருந்தால் அதற்குரிய இடம் தனியான சம்பவ அறிக்கை, அங்கே கட்டாயம் எழுதுங்கள். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் யார் சொல்வது என்று குழுவாக முடிவு செய்து, தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்த பிறகு வரும் கோபம் தவறுக்கு வந்ததைவிடப் பெரிதாக இருக்கும். குப்பி, ஆம்பியூல், சிரிஞ்சு, பம்பு எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பாமல் பையில் போட்டு, நோயாளியின் எண்ணும் நேரமும் எழுதி, மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் அறிக்கையில் சேருங்கள்.